ஐரோப்பாவில் ஸ்டேபிள்காயின் வெளியிட லைசென்ஸ் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஸ்டேபிள்காயின் என்பது யூரோ, டாலர், தங்கம் போன்ற ஒன்றின் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதை வெளியிட இன்று ஒரே வாசல்தான் உண்டு: மைக்கா (MiCA) என்ற கிரிப்டோ சொத்துச் சந்தைச் சட்டம். 2023 மே 31 தேதியிட்ட, 2023/1114 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை அது. எக்ஸ்சேஞ்சுகள், வாலட் நிறுவனங்கள் பற்றிய பகுதிகள் 2024 டிசம்பர் 30 அன்றுதான் அமலுக்கு வந்தன. ஸ்டேபிள்காயின் பகுதிகள் மட்டும் ஆறு மாதம் முன்னதாக, 2024 ஜூன் 30-இலேயே வந்துவிட்டன. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2019 ஜூனில் ஃபேஸ்புக் தன் லிப்ரா திட்டத்தை அறிவித்தபோது, கோடிக்கணக்கான பேர் ஒரு தனியார் நாணயத்துக்கு மாறிவிட்டால் யூரோ என்ன ஆகும் என்ற பயம் ஐரோப்பிய மத்திய வங்கிக்கும் நிதி அமைச்சகங்களுக்கும் வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் மைக்கா வரைவை வெளியிட்டது. லிப்ரா பிறகு காணாமல் போனது. சட்டம் மட்டும் நின்றுவிட்டது. சட்டத்தில் ஏன் இந்த விதி என்று எங்கே புரியாமல் போனாலும் லிப்ராவை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி விளங்கிவிடும்.

நிறுவனம் தொடங்குபவர்கள், அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள், அல்லது ஒரு காயினுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கறிஞரிடம் போகாமல் இருக்க இது போதாது. ஆனால் போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை இவை.

படி 1: உங்கள் காயின் எந்த வகை?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. இதில் தவறினால், பின்னால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மைக்கா ஸ்டேபிள்காயின்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரே ஒரு அதிகாரப்பூர்வ நாணயத்தின் மதிப்பைக் காட்டுவது மின்பண டோக்கன். அந்த நாணயம் யூரோவாக இருக்கலாம், டாலராக இருக்கலாம், பவுண்டாகவும் இருக்கலாம். வேறு எதைக் காட்டினாலும் அது சொத்துசார் டோக்கன்: தங்கம், பல நாணயங்களின் கலவை, இன்னொரு கிரிப்டோ, அல்லது இவற்றின் சேர்க்கை.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. காயினுக்கு ஈடாகக் கையிருப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து வகை தீர்மானமாவதில்லை. டோக்கன் எதன் மதிப்பைப் பின்பற்றுகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்க அரசுக் கடன்பத்திரங்களைக் கையிருப்பாக வைத்து ஒரு டாலருக்கு ஒரு காயின் என்று கொடுத்தால், அது மின்பண டோக்கன்தான். கிராம் தங்கத்தைக் காட்டும் காயினை யூரோவில் விற்றாலும் அது சொத்துசார் டோக்கன்தான்.

'எங்களுடையது அல்காரிதம் காயின், மதிப்பை மென்பொருள் விதியே காக்கும், கையிருப்பே கிடையாது' என்பவர்களுக்கும் விலக்கு இல்லை. நிலையான மதிப்பைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டால், எந்தப் பொறியமைப்பில் ஓடினாலும் இந்த இரண்டு வகைகளில் ஒன்றின் விதிகளுக்குள் வர வேண்டும். கையிருப்பே இல்லாத காயினால் அந்த விதிகளை நிறைவேற்ற முடியாது, ஆகவே நடைமுறையில் அது தடைதான். சட்டத்தின் வாசகங்களைப் பேசி முடிவுசெய்துகொண்டிருந்தபோதுதான், 2022 மே மாதத்தில், டெர்ராவின் யுஎஸ்டி (UST) என்ற அல்காரிதம் காயின் சரிந்தது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் இரக்கம் காட்ட யாரும் தயாராக இல்லை.

டோக்கன் உண்மையில் ஒரு நிதியத்தின் யூனிட் என்றாலோ, வங்கி வைப்புத்தொகை என்றாலோ, மைக்காவே பொருந்தாது. பங்குச்சந்தைச் சட்டமோ வங்கிச் சட்டமோ பேசும். இந்த முடிவுகளை ஒரு சட்டக் கருத்தாக எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொத்துசார் டோக்கன் விண்ணப்பத்தில் அந்தக் கருத்து கட்டாய இணைப்பு. மற்ற வகைக்கும் முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள்.

படி 2: விலக்கு கிடைக்குமா என்று பாருங்கள், ஆனால் நம்பியிருக்காதீர்கள்

சொத்துசார் டோக்கனுக்கு இரண்டு விலக்குகள் உண்டு. புழக்கத்தில் உள்ள மதிப்பின் 12 மாத சராசரி 50 லட்சம் யூரோவைத் தாண்டாமல் இருப்பது ஒன்று. தகுதிபெற்ற முதலீட்டாளர்களுக்கு மட்டும் விற்பது மற்றொன்று. இரண்டிலும் ஒயிட்பேப்பர், அதாவது காயினைப் பற்றிய விவர ஆவணம், எழுதித்தான் ஆக வேண்டும். மின்பண டோக்கனில் சில நாடுகளில் சிறிய மின்பண நிறுவனங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் அது அந்த நாட்டு எல்லையைத் தாண்டிப் போகாது. பெரிதாக வளர நினைப்பவருக்கு அதனால் பலன் இல்லை.

படி 3: யார் விண்ணப்பிப்பது, எந்த நாட்டில்?

மின்பண டோக்கனை இரண்டு வகை நிறுவனங்கள் மட்டுமே வெளியிடலாம்: வங்கி, அல்லது மின்பண நிறுவன உரிமம் பெற்றது. மைக்கா இதற்கென்று தனி லைசென்ஸ் உருவாக்கவில்லை. 2009-இலிருந்து இருக்கும் மின்பணச் சட்டத்தின் உரிமத்தையே எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கடமைகளை அடுக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் காயின் யூரோவையோ டாலரையோ காட்டினால், நீங்கள் உண்மையில் ஓட வேண்டியது மின்பண நிறுவன உரிமத்துக்குத்தான்.

நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ லைசென்ஸ் இருப்பதைக் காட்டி இங்கே விற்க முடியாது. வெளிநாட்டு உரிமத்தைச் சமமாக ஏற்கும் ஏற்பாடு ஸ்டேபிள்காயினுக்கு இல்லை. அதோடு, பதிவு முகவரி மட்டும் ஓரிடத்தில் வைத்துவிட்டு வேலை முழுவதையும் வேறெங்கோ செய்வதும் எடுபடாது. பதிவான நாட்டிலேயே தொழிலின் ஒரு பகுதியாவது நடக்க வேண்டும். முடிவெடுப்பவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்களா என்று கட்டுப்பாட்டாளர் பார்ப்பார்.

ஒரு நாட்டில் உரிமம் வாங்கினால் 27 நாடுகளிலும் செல்லும் என்பதால், எந்த நாடு என்பது பெரிய தேர்வு. இதுவரை போனவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். சர்க்கிள் நிறுவனம் பிரான்சைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள வங்கிக் கட்டுப்பாட்டாளரான ஏசிபிஆர் அமைப்பிடம் உரிமம் பெற்றதாக 2024 ஜூலை 1 அன்று, அதாவது விதிகள் அமலான மறுநாள், அறிவித்தது. அதன் டாலர் காயினான யுஎஸ்டிசி, யூரோ காயினான இயுஆர்சி இரண்டும் அதன்கீழ் வந்தன. சொசியெத்தே ஜெனரால் வங்கியின் ஃபோர்ஜ் பிரிவும் பிரான்சில்தான். குவான்டோஸ் நெதர்லாந்து மத்திய வங்கியிடம் போனது, ஸ்டேபிளர் மால்டாவுக்கு. லக்சம்பர்க்கில் பேங்கிங் சர்க்கிள் வங்கியாகவே இருந்ததால், மின்பண உரிமம் தேவைப்படாமல் நேரடியாகவே யூரோ காயினை வெளியிட்டது. டிடபிள்யூஎஸ், ஃப்ளோ டிரேடர்ஸ், கேலக்ஸி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஆல்யூனிட்டி 2025-இல் ஜெர்மனியின் நிதிக் கட்டுப்பாட்டாளரான பாஃபினிடம் உரிமம் வாங்கியது.

எந்த நாட்டுக்காரர் சீக்கிரம் கையெழுத்துப் போடுவார் என்று தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். சீக்கிரம் கிடைத்த உரிமத்தை மற்ற நாட்டுக் கட்டுப்பாட்டாளர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். வங்கிகளும் அப்படித்தான் பார்க்கின்றன, உங்களுக்கோ வங்கிக் கணக்கு இல்லாமல் தொழிலே இல்லை. கணக்குத் திறந்துகொடுக்க வங்கி இருக்கும் நாடு, கிரிப்டோ விண்ணப்பங்களை முன்பே பார்த்துப் பழகிய அதிகாரிகள் இருக்கும் நாடு: இந்த இரண்டையும் வைத்து முடிவெடுங்கள்.

படி 4: மின்பண நிறுவன விண்ணப்பம்

முதலில் முறையான விண்ணப்பத்துக்கு முந்தைய சந்திப்பு. திட்டத்தை 15 – 20 பக்கத்தில் எழுதி அனுப்பி, நேரில் பேச நேரம் கேளுங்கள். கட்டாயமில்லை, ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் கேள்விக்கடிதங்களுக்குப் பதில் எழுதியே நாளைக் கழிக்கிறார்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: என்ன தொழில் செய்யப்போகிறீர்கள் என்ற விவரம், முதல் 3 நிதியாண்டுகளுக்கான வரவுசெலவுக் கணிப்போடு தொழில் திட்டம், குறைந்தது 3,50,000 யூரோ தொடக்க மூலதனத்துக்குச் சான்று, வாடிக்கையாளர் பணத்தை எப்படிப் பிரித்துப் பாதுகாப்பீர்கள், உள்கட்டுப்பாடு, பணச்சலவைத் தடுப்பு, கணினிப் பாதுகாப்பு, வெளியாரிடம் ஒப்படைக்கும் வேலைகள், இயக்குநர்களின் தகுதியும் நேர்மையும், 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்களின் விவரம். இந்தக் கடைசி விஷயத்தில் நிறைய விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆரம்பகால முதலீட்டாளர் ஒருவர் கெய்மன் தீவு நிறுவனம் வழியாக, அதற்கு மேல் இன்னொரு அறக்கட்டளை வழியாகப் பங்கு வைத்திருப்பார். அந்தச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் மனிதர் யார், அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டும்வரை கோப்பு நகராது. விண்ணப்பத்துக்கு முன்பே பங்குப் பட்டியலைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

டோரா என்ற கணினி உறுதிப்பாட்டுச் சட்டம் 2025 ஜனவரி 17 முதல் நடப்பில் உள்ளது; மின்பண நிறுவனங்களுக்கும் சேர்த்துத்தான். கிளவுட் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து, புதிய டோக்கனை அச்சிடும் டிஜிட்டல் சாவியை யார் கையில் எத்தனை பேர் ஒப்புதலோடு வைத்திருக்கிறீர்கள் என்பதுவரை எழுதிக்காட்ட வேண்டியிருக்கும். சாவி விஷயத்தை மேலோட்டமாக எழுதாதீர்கள். கையிருப்பு இல்லாமல் டோக்கன் அச்சாகிவிட்டால் மற்ற எல்லா வாக்குறுதியும் வெறும் காகிதம்.

முழுமையான விண்ணப்பம் கிடைத்த 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். இதில் 'முழுமையான' என்பதுதான் பொடிவைத்த சொல். கோப்பு முழுமை என்று அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு வருடத்துக்குக் குறையாமல் திட்டமிடுங்கள், அந்த ஒரு வருடத்துக்குச் சம்பளம் கொடுக்கப் பணமும் வையுங்கள்.

படி 5: பணம் எங்கே கிடக்கும்?

என்னைக் கேட்டால், மைக்காவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. லைசென்ஸ் கோப்பு எத்தனை அழகாக இருந்தாலும், இந்தப் பகுதி ஓடாவிட்டால் காயின் ஓடாது.

மின்பண டோக்கனுக்கு வாங்கிய பணத்தில் குறைந்தது 30 சதவீதம் வங்கிகளில் தனிக் கணக்குகளில் கிடக்க வேண்டும். மீதியைப் பாதுகாப்பான, உடனே விற்கக்கூடிய, குறைந்த அபாயமுள்ள சொத்துகளில் போடலாம், அதுவும் காயின் காட்டும் அதே நாணயத்தில். யூரோ காயின் என்றால் யூரோ பத்திரங்கள்தான். வட்டி அதிகம் என்று டாலர் பத்திரத்துக்குத் தாவ முடியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 கோடி யூரோ புழக்கத்தில் உள்ள ஒரு காயினை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கோடி வங்கியில். 7 கோடி வரை குறுகியகால அரசுப் பத்திரங்களில். சொந்த மூலதனம் என்பது புழக்கத்தில் உள்ள மின்பணச் சராசரியில் 2 சதவீதம், அதாவது 20 லட்சம் யூரோ, உங்கள் சொந்தப் பணத்திலிருந்து. வருமானம்? ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2024 ஜூன் வரை 4 சதவீதமாக இருந்தது, ஓராண்டில் 2 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மொத்தப் பணத்துக்கும் 2 சதவீதம் கிடைத்தாலே ஆண்டுக்கு 20 லட்சம். 3 கோடிக்கு வங்கி அதைவிடக் குறைவாகவே கொடுக்கும். இந்த வருமானத்தில் சம்பளம், தணிக்கை, பணச்சலவைத் தடுப்புக் குழு, எக்ஸ்சேஞ்சுகளுக்குக் கொடுக்கும் பங்கு எல்லாம் போக வேண்டும். 10 கோடி யூரோ காயின் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், கணக்கில் கையைக் கடிக்கும். டாலர் காயினுக்கு வட்டி அதிகம் என்பதால் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். அங்கே வேறு தடை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்த 30 சதவீத விதியை நான் முழு மனதோடு ஆதரிக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, யுஎஸ்டிசியின் சுமார் 4,000 கோடி டாலர் கையிருப்பில் 330 கோடி அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு டாலராக நிற்க வேண்டிய காயின் அந்த வார இறுதியில் 88 சென்ட்டுக்கும் கீழே போனது. அரசு தலையிட்டு வைப்புத்தொகை முழுவதையும் காப்பாற்றியதால் திங்கட்கிழமை மீண்டது. அதாவது அங்கே ஆடியது வங்கியில் இருந்த பகுதிதான், கடன்பத்திரங்கள் அல்ல. யுஎஸ்டிடி என்ற டாலர் காயினை வெளியிடும் டெதரின் தலைமை நிர்வாகி பாவ்லோ ஆர்தோய்னோவும் இதே வாதத்தை வைத்துத்தான் மைக்காவை எதிர்த்தார். அவருக்கு அதில் வியாபார நோக்கமும் இருந்தது என்பது வேறு விஷயம், வாதம் வாதம்தான். மறுபக்கத்தில், திங்கட்கிழமை காலை ஆயிரம் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கையில் ரொக்கம் வேண்டும் என்பதும் நியாயம். ஆகவே நடைமுறை அறிவுரை: 30 சதவீதத்தை ஒரே வங்கியில் கொட்டாதீர்கள். நான்கைந்து வங்கிகளாகப் பிரியுங்கள். அந்த வங்கிகளைச் சம்மதிக்க வைப்பது லைசென்ஸ் வாங்குவதைவிட அதிக நாள் எடுக்கலாம் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்குங்கள்.

படி 6: திருப்பிக் கொடுப்பதும், வட்டி கொடுக்காமல் இருப்பதும்

மின்பண டோக்கன் வைத்திருப்பவர் எவராயினும், எப்போது கேட்டாலும், முக மதிப்புக்கு நீங்கள் பணம் தர வேண்டும். சாதாரண நாட்களில் அதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. கவனியுங்கள், 'வைத்திருப்பவர் எவராயினும்'. உங்களிடம் நேரடியாக வாங்கியவர் மட்டுமல்ல, எக்ஸ்சேஞ்சில் மூன்றாவது கையிலிருந்து வாங்கியவருக்கும் உங்கள்மேல் நேரடி உரிமை உண்டு.

சொல்லச் சுலபம். நடைமுறையில், லிஸ்பனில் இருக்கும் ஒருவர் தன் வாலட்டிலிருந்து 400 காயின் அனுப்பி, 400 யூரோ கொடுங்கள் என்கிறார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அடையாளம் சரிபார்க்காமல் பணம் அனுப்பினால் பணச்சலவைச் சட்டம் பிடிக்கும். சரிபார்ப்பைச் சாக்காக வைத்து இழுத்தடித்தால் மைக்கா பிடிக்கும். அதனால் சிறிய தொகைக்காரர்களும் நுழையக்கூடிய ஒரு மீட்பு வாசல் உங்களிடம் இருக்க வேண்டும்: அடையாளச் சரிபார்ப்பு, வாலட் அவருடையதுதான் என்ற உறுதி, வங்கிக் கணக்கு விவரம், எத்தனை நாளில் பணம் என்ற தெளிவான வாக்கு. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே மீட்பு, மற்றவர்கள் எக்ஸ்சேஞ்சில் விற்றுக்கொள்ளட்டும் என்ற பழைய பழக்கம் இங்கே செல்லாது.

வட்டி கிடையாது. நேரடியாகக் கொடுத்தாலும், மூன்றாம் நபர் வழியாகக் கொடுத்தாலும், 'வெகுமதி', 'தள்ளுபடி' என்று வேறு பெயரில் கொடுத்தாலும், எவ்வளவு நாள் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்துப் பலன் போனால் அது வட்டிதான். காயினைக் கையாளும் எக்ஸ்சேஞ்சுக்கும் இதே தடை. வங்கி வைப்புகள் காலியாகிவிடக் கூடாது என்பதுதான் இதன் உள்நோக்கம்.

படி 7: ஒயிட்பேப்பரும் நாள் கணக்கும்

கிரிப்டோ உலகில் ஒயிட்பேப்பர் என்றால் கனவு விற்கும் காகிதம். மைக்காவில் அது பொறுப்பு ஏற்கும் காகிதம். தவறான தகவலால் நஷ்டப்பட்டவர் உங்கள்மேலும் உங்கள் நிர்வாகிகள்மேலும் வழக்குப் போடலாம். மின்பண டோக்கனுக்கு என்னென்ன எழுத வேண்டும் என்று சட்டத்தின் மூன்றாம் இணைப்பு பட்டியலிடுகிறது: நிறுவனம், டோக்கன், உரிமைகள், தொழில்நுட்பம், அபாயங்கள், அப்புறம் சுற்றுச்சூழல் பாதிப்பும். இதை எந்த அதிகாரியும் அங்கீகரிக்கவில்லை, உள்ளடக்கத்துக்கு வெளியிடுபவரே பொறுப்பு என்ற வாசகம் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வங்கி வைப்புக் காப்பீடு இதற்குக் கிடையாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். 2025 டிசம்பர் 23 முதல் கணினி படிக்கக்கூடிய குறிப்பிட்ட வடிவத்தில்தான் தர வேண்டும். வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் காலம் முடிந்தது.

நாள் கணக்கு இப்படி. பொதுமக்களுக்குக் காயினை வழங்க நினைக்கும் தேதிக்குக் குறைந்தது 40 வேலை நாள் முன்பு கட்டுப்பாட்டாளருக்கு அறிவிப்பு. ஒயிட்பேப்பரை வெளியிடுவதற்குக் குறைந்தது 20 வேலை நாள் முன்பு அதை அவரிடம் தர வேண்டும். மின்பண டோக்கனில் முன் அனுமதி கேட்கும் நடைமுறை இல்லை. அவர் கேள்வி கேட்கலாம், நிறுத்தலாம். ஆனால் ஒப்புதல் முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டாம். விளம்பரங்கள் ஒயிட்பேப்பருக்கு முரண்படக் கூடாது. சமூக வலைத்தளத்தில் உங்கள் தலைமை நிர்வாகி போடும் ஒரு வரிகூட விளம்பரமாகப் பார்க்கப்படலாம், அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வெளியிட்ட 6 மாதத்துக்குள் மீட்சித் திட்டமும் திருப்பிக்கொடுக்கும் திட்டமும் தர வேண்டும். முதலாவது கையிருப்பு ஆட்டம் கண்டால் எப்படி நிமிர்வீர்கள் என்பது, இரண்டாவது கடையைக் கட்ட நேர்ந்தால் எல்லோருக்கும் எப்படிச் சமமாகப் பணம் போகும் என்பது. 6 மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல், விண்ணப்பத்தோடேயே எழுதிவிடுவது நல்லது.

சொத்துசார் டோக்கன் வழி

இந்த வழி தனி. இங்கே மைக்காவே உரிமம் தருகிறது, அதனால் நடைமுறையும் நீளம். விண்ணப்பம் கிடைத்ததை 2 வேலை நாளில் ஒப்புக்கொள்வார்கள். முழுமையா என்று பார்க்க, அந்த 2 நாளும் சேர்த்தே, 25 வேலை நாள். மதிப்பிட்டு வரைவு முடிவு எழுத 60. அந்த வரைவு ஐரோப்பிய வங்கிகள் ஆணையமான இபிஏ, பங்குச்சந்தை ஆணையமான எஸ்மா, ஐரோப்பிய மத்திய வங்கி ஆகியவற்றுக்குப் போகும். அவர்கள் கருத்துச் சொல்ல 20. பிறகு இறுதி முடிவுக்கு 25. கூட்டினால் 130 வேலை நாள், அதாவது அரையாண்டுக்கு மேல். இடையில் கேள்வி வந்தால் கடிகாரம் நிற்கும். ஒயிட்பேப்பருக்கும் இங்கே அங்கீகாரம் வேண்டும்.

மத்திய வங்கியின் கருத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் செலுத்தும் அமைப்புகளுக்கோ, பணக்கொள்கைக்கோ, நாணய இறையாண்மைக்கோ ஆபத்து என்று அது எதிர்மறையாகச் சொன்னால், உள்ளூர்க் கட்டுப்பாட்டாளர் மறுத்தே ஆக வேண்டும். லிப்ராவுக்குப் போட்ட பூட்டு இதுதான்.

சொந்த மூலதனம் மூன்றில் எது அதிகமோ அது: 3,50,000 யூரோ, கையிருப்பின் சராசரியில் 2 சதவீதம், அல்லது முந்தைய ஆண்டின் நிலையான செலவில் கால் பங்கு. கையிருப்பு நிறுவனத்தின் மற்றச் சொத்துகளிலிருந்து சட்டப்படி தனியாக நிற்க வேண்டும், 6 மாதத்துக்கு ஒருமுறை சுயேச்சையான தணிக்கை வேண்டும், புழக்கத்தையும் கையிருப்பின் விவரத்தையும் மாதாமாதம் இணையதளத்தில் போட வேண்டும். வங்கியாக இருந்தால் தனி உரிமம் தேவையில்லை, முதல் வெளியீட்டுக்கு 90 வேலை நாள் முன்பு அறிவித்தால் போதும். 2025 நடுவரை எஸ்மாவின் பதிவேட்டில் இந்த வகையில் ஒருவர்கூட இல்லை. தங்கக் காயின் போன்ற உண்மையான காரணம் இருந்தாலொழிய இந்தப் பக்கம் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

போய் மாட்டியவர்களில் முக்கியமானது எதீனாவின் ஜெர்மன் நிறுவனம். விதிகள் வருமுன்பே சந்தையில் இருந்த சொத்துசார் டோக்கன்காரர்கள் 2024 ஜூலை 30-க்கு முன் விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை தொடரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது. எதீனா ஜூலை 29 அன்று, கடைசி நாளில், பாஃபினிடம் விண்ணப்பித்தது. 2025 மார்ச்சில் பாஃபின் அதன் யுஎஸ்டிஇ டோக்கனைப் பொதுமக்களுக்கு வழங்கத் தடை போட்டது. நிர்வாக அமைப்பில் கடுமையான குறைகள், சொத்துக் கையிருப்பிலும் மூலதனத்திலும் மீறல் என்று காரணம் சொன்னது. கையிருப்பு முடக்கப்பட்டது, சிறப்புப் பிரதிநிதி ஒருவர் உள்ளே உட்கார வைக்கப்பட்டார். பிறகு நிறுவனம் ஜெர்மன் தொழிலை மூட ஒத்துக்கொண்டது. டோக்கன் வைத்திருந்தவர்கள் 2025 ஆகஸ்ட் 6 வரை திருப்பிக் கேட்க அவகாசம் தரப்பட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே முழு விதிகளும் உங்களைப் பிடிக்கும் என்பதை இதில் பார்க்கலாம்.

வளர்ந்துவிட்டால் வரும் தொல்லைகள்

ஒரு காயின் 'முக்கியமானது' என்று அறிவிக்கப்பட்டால் விதிகள் இறுகும். அளவுகோல்கள் ஏழு, மூன்றைத் தொட்டாலே போதும். வைத்திருப்பவர்கள் 1 கோடிக்கு மேல், மதிப்பு 500 கோடி யூரோவுக்கு மேல், ஒரு நாளில் சராசரியாக 25 லட்சம் பரிமாற்றங்களும் 50 கோடி யூரோ மதிப்பும் என்பவை எண்ணில் சொன்னவை. பெரிய இணைய மேடை நிறுவனமே வெளியிடுவது, உலகளாவிய பரவல் போன்றவை மற்றவை. தொட்டுவிட்டால் வங்கி வைப்பு 30-லிருந்து 60 சதவீதம், மூலதனம் 2-லிருந்து 3, மேற்பார்வையில் இபிஏவும் நேரடியாக வரும்.

டாலர் காயினுக்கு இன்னொரு தடை என்றேன் அல்லவா? யூரோ முதலிய ஒன்றிய நாடுகளின் நாணயத்தைக் காட்டாத மின்பண டோக்கன், ஒரே நாணயப் பகுதிக்குள் பொருள், சேவை வாங்கும் பணமாக நாளொன்றுக்குச் சராசரியாக 10 லட்சம் பரிமாற்றத்தையும் 20 கோடி யூரோவையும் ஒரு காலாண்டில் தாண்டினால், புதிய வெளியீட்டை நிறுத்த வேண்டும். 40 வேலை நாளில் குறைப்புத் திட்டம் கொடுக்க வேண்டும். கிரிப்டோ வியாபாரத்துக்கு டாலர் காயின் ஓடலாம். ஐரோப்பியர் கடையில் ரொட்டி வாங்கும் பணமாக அது ஆகக் கூடாது. அவ்வளவுதான் இந்த விதியின் சாரம். மீறல்களுக்கு அபராதம் ஆண்டு விற்றுமுதலில் 12.5 சதவீதம்வரை போகலாம்.

உலகின் மிகப்பெரிய காயினான யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் இந்த உரிமத்தைத் தேடவே இல்லை. தன் யூரோ காயினையும் நிறுத்துவதாக 2024 நவம்பரில் அறிவித்துவிட்டு, ஸ்டேபிளர், குவான்டோஸ் நிறுவனங்களில் முதலீடு செய்தது. உரிமமில்லாத காயின்களை 2025 முதல் காலாண்டுக்குள் விலக்கச் சொல்லி எஸ்மா ஜனவரி 17 அன்று அறிக்கை விட்டது. மார்ச் இறுதியில் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு யுஎஸ்டிடி வர்த்தக ஜோடிகளை எடுத்துவிட்டது. ஐரோப்பிய வங்கிகளும் இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டன. ஐஎன்ஜி, யூனிகிரெடிட், டான்ஸ்கே உள்ளிட்ட ஒன்பது வங்கிகள் 2025 செப்டம்பரில் ஒரு யூரோ காயின் திட்டத்தை அறிவித்தன. அவர்கள்கூட, கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கி நெதர்லாந்து மத்திய வங்கியிடம் மின்பண நிறுவன உரிமம் கேட்கும் பாதையையே எடுத்தார்கள்.

விற்பனைக்கு முன் கடைசியாக ஒரு சரிபார்ப்பு

உங்கள் காயினை வேறொருவர் பொதுமக்களுக்கு வழங்கவோ எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடவோ வேண்டுமானால், உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்தைச் சும்மா கொடுக்காமல், எதிர்த்தரப்பிடம் மைக்கா உரிமம் இருக்கிறதா என்று எஸ்மா பதிவேட்டில் பாருங்கள். பழைய நிறுவனங்களுக்கு நாடுகள் கொடுத்த இடைக்கால அவகாசம் அதிகபட்சம் 2026 ஜூலை 1 வரைதான். இன்னொன்றையும் கேளுங்கள். மின்பண டோக்கன் சட்டப்படி மின்பணமே என்பதால், வாடிக்கையாளருக்காக அதை அனுப்பிக் கொடுப்பது பணம் செலுத்தும் சேவையாகவும் ஆகிறது. அதற்குத் தனி உரிமம் கேட்பதை 2026 மார்ச் 2 வரை தளர்த்தி வைக்குமாறு இபிஏ 2025 ஜூனில் கட்டுப்பாட்டாளர்களுக்கு எழுதியது. அந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் வாலட் கூட்டாளியிடம் அந்த உரிமமோ, அது உள்ள ஒருவரோடு ஒப்பந்தமோ இல்லையென்றால், காயின் வெளியாகியும் கைமாற வழியில்லாமல் நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உரிம எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.